சால்வை வேண்டாம், ஓடையைத் திறந்துவிடுங்கள்

விழாத் தலைவர், இரும்புக்கடை மகாராஜன் அண்ணாச்சி அவர்களே! தண்ணீர் வந்தால் மட்டும் ஊருக்கு நினைவு வருகிற மீன்பிடி வள்ளக்காரர்களே! இடுப்பளவு வெள்ளத்திலும் அடுப்பை அணையவிடாத தாய்மார்களே! அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றி ஏற்றியே முதுகு வளைந்த பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மரியசெல்வியின் வணக்கம்.

வெள்ளத்தில் நம்மை மீட்ட பர்னபாஸ் தம்பிக்குச் சால்வை போடுகிறோம், வாழ்த்திப் பேசுங்கள் என்று அழைத்தீர்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வயிறு எரிகிறதே, நான் என்ன செய்வேன்?

இந்த மண்ணுக்கு வெள்ளம் புதிதா? முத்துக்குப் பேர்போன கொற்கையை விட்டுக் கடலே விலகிப் போனது. தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணி தறிகெட்டு வந்தது. சுனாமி வந்தது. பிறகு பதினைந்து, இருபத்தொன்று, இருபத்துமூன்று என்று வெள்ளம் வாசல் தேடி வந்தது. வானத்தை நான் வையவில்லை. கடலை நான் கடியவில்லை. நம்மைத்தான் கேட்கிறேன். நாம் என்ன செய்தோம்?

விழா எடுத்தோம்!

பதினைந்தில் லாரியில் வள்ளங்களை ஏற்றி வந்து நம்மைக் காப்பாற்றினார்கள். அவர்களைப் பாராட்ட மேடை வேண்டுமே! தெருமுனையில் காலியாகக் கிடந்தது எது? மழைத்தண்ணீரை உப்பளம் வழியே கடலுக்குக் கொண்டுபோகும் நம் ஓடை. அதன்மேல் பலகை போட்டோம். இருபத்தொன்றில் பலகை அடித்துக்கொண்டு போனது. விட்டோமா? கல்லும் மண்ணும் கொட்டி, ஓடையை நிரப்பி, மேடை கட்டி, மறுபடியும் பாராட்டினோம். இருபத்துமூன்றில் அந்த மேடையே முழுகியது. அப்போதாவது புத்தி வந்ததா? இன்னும் உயர்த்தி, சிமெண்ட் பூசி, அண்ணாச்சி பெயரையும் பொறித்த பிறகுதான் விழா என்று இத்தனை நாள் காத்திருந்தோம். முழுகாத மேடையாம்! மேடை முழுகாது அண்ணாச்சி, தெருதான் முழுகும்!

கை தட்டாதீர்கள். கல் சுமந்த கைகள்தானே அவை?

அந்த இருபத்துமூன்று மழையில் நம் தெருச் சீனித்தாய்க்குப் பிரசவ வலி. பர்னபாஸ் வள்ளத்தில் ஏற்றி வந்தார். இதே இடத்தில், தண்ணீருக்குள் மறைந்திருந்த நம் மேடையின் கம்பி வள்ளத்தின் அடியைக் கிழித்தது. நான் எங்கள் மாடியில் நின்று பார்த்தேன். "யக்கா, கடல்ல பாறை எங்கன கெடக்குன்னு தெரியும். தெருவுக்குள்ள யாருக்கா பாறையப் போட்டது?" என்று கத்தினார். சீனித்தாய் அந்த வலியிலும் தன் சேலையைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, "ஏலே, கதை பேசாம தள்ளுலே!" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன சற்று நேரத்தில் பிறந்த பிள்ளை, இதோ முன்வரிசையில் முறுக்கு தின்கிறாள். பார்த்துக்கொள்ளுங்கள். நாம் கட்டிய மேடையில் சாகாமல் தப்பிய பிள்ளை அவள்!

என்ன அண்ணாச்சி? "ஏளா, சுருக்கமா முடி" என்கிறீர்களா? முடிக்கத்தான் போகிறேன். சோடா வேண்டாம் தம்பி, தண்ணீர் என்றாலே பயமாக இருக்கிறது.

ஐப்பசி பிறக்கப் போகிறது. மழை நம் விழாவுக்காகக் காத்திருக்குமா? இந்தச் சால்வையை வைத்துப் பர்னபாஸ் என்ன செய்வார்? அடுத்த ஓட்டையை அடைப்பாரா? அண்ணாச்சி, உங்கள் மனசு பெரிது, அது எனக்குத் தெரியும். உங்கள் கடையில் கடப்பாரை இருப்பதும் தெரியும். சால்வைக்குப் பதிலாக அதைத் தம்பி கையில் கொடுங்கள். முதல் அடி உங்கள் பெயர் பொறித்த கல்லில் விழட்டும். ஓடை திறந்து, ஒரு மழையில் நம் தெரு நனையாமல் இருக்கட்டும். அந்தப் பெயரை நாங்கள் மறக்கவே மாட்டோம்!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதை இங்கே நின்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒலிபெருக்கிக்காரரே, மைக் கம்பியைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். இறங்குகிறேன்.

இப்போது தரையில் நிற்கிறேன். நன்றி, வணக்கம். நீங்களும் இறங்கி வாருங்கள் அண்ணாச்சி, இடிக்க வேண்டும்.