மஞ்சள் கட்டம்

தென்காசியிலிருந்து ஐந்தருவி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மகனோடு துபாய் போய்விட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். இளையவர் அவருடைய நாத்தனார் போலும், அவரை மைனி என்று அழைத்தார்.

"ஏர்போர்ட்டுல எல்லாரையும் ஒரே பொம்மையாத்தான் காட்டுதானுவ" என்றார் மூத்தவர்.

"எந்தப் பொம்மை மைனி?"

"கண்ணாடிக் கூண்டுக்குள்ள கையத் தூக்கி நிக்கச் சொல்லுதானுவ. ஏதோ அலை துணியத் தாண்டிப் போயி, ஒடம்புல பட்டுத் திரும்புமாம். திரும்புனதையெல்லாம் சேத்து கம்ப்யூட்டரு நம்ம உருவத்தப் பண்ணிக்கிடுமாம். ஆனா அத யாருக்கும் காட்டாதாம். திரையில வெறும் கோட்டுப் பொம்மைதான்."

"அப்ப மானம் பொழச்சிது."

"பொழச்சிது. ஆனா என் பொம்மைக்கு நெஞ்சுல, இடது பக்கம், மஞ்சக் கட்டம் விழுந்துட்டு."

"என்னத்த வச்சிருந்தீய?"

"பஞ்சு வச்ச உள்பாடி. கல்லடைப்புன்னு சொல்லிட்டுத் திருவனந்தபுரத்துல போயி ஆபரேசன் பண்ணுனோம்லா? அது கல்லு இல்லட்டி. இடது மார எடுத்துட்டாவ."

இளையவர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கன நின்ன பொண்ணு என்ன சொன்னா?"

"தனியாக் கூட்டிட்டுப் போயித் தொட்டுப் பாத்தா. போங்கம்மான்னுட்டா. மவன் என்னன்னு கேட்டான். ஊக்குன்னு சொல்லிட்டேன்."

"அவனுக்கும் தெரியாதா?"

"ஒங்க அண்ணனுக்குத் தெரியும். பொறவு அந்த மிஷினுக்கு. இப்ப ஒனக்கு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.