நாலு பிளக் துடைக்கிற நேரம்

வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, ஐயா. மூன்று சட்டைகள் வீணான பிறகுதான் எனக்கு இது உறைத்தது. என் புத்தி என்ன வேகத்தில் வேலை செய்யும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் ஜீப்புக்கு வயது முப்பத்திரண்டு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. எங்கள் வீடு மேட்டு உச்சியில் இருக்கிறது. மழை பெய்துவிட்டால் அந்தச் சேற்றுப் பாதையில் வேறு எந்த வண்டியும் ஏறாது. செகண்ட் ஹேண்டாக வாங்கிய புதிதில் அது ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, கையைக் கிழித்துக்கொண்டு, ஆறு மாதம் நானே பழுது பார்த்தேன். அலுவலகத்தில் நான் கோப்பு தேடித் தருகிறவன். இருபது வருஷத்தில் என்னை யாரும் பாராட்டியதில்லை. பாதி நேரம் தப்பான கோப்பை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்களோடு இருந்த மாமனார் லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் யாரையும் மெச்சமாட்டார். ஒருநாள் வண்டி கிளம்பியதும், "பரவால்லையே மாப்ள, உங்க கையில ஏதோ இருக்கு" என்றார். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகுதான் சிக்கல். வண்டி குணமாகிவிட்டது. இரண்டு மாதமாக ஒரு இருமல்கூட இல்லை. மாமனார் தன் பாட்டுக்குப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலங்களில் நானே ஏதாவது ஒன்றைக் கழற்றி வைக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் ரோட்டர். கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான். எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமனார் நாற்காலியைப் போட்டு உட்காருவார். நான் பாட்டரியைச் சோதித்து, பெட்ரோல் வருகிறதா என்று பார்த்து, பிளக்குகளைத் துடைத்து, அவர் அசந்த நேரத்தில் ரோட்டரை உள்ளே வைத்துவிடுவேன். வண்டி கிளம்பும். அவர் கைதட்டுவார். லேத் தெரிந்தவருக்கு எஞ்சின் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம். இப்படிப் பதினோரு ஞாயிறு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு, காலை எட்டரை மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தது. முந்தின நாள் முழுக்க மழை. ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். "நாங்களே ஜீப்புல இறக்கிட்டு வந்துடறோம்" என்றாள் என் மனைவி. அவரைப் பின் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, அவளே சாவியைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றியது, பிடிக்கவில்லை. மருந்துச் சீட்டுகளை எடுக்க உள்ளே ஓடினாள்.

ரோட்டர் என் சட்டைப்பையில் இருந்தது. பானெட்டைத் திறந்து அதை அதனிடத்தில் வைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதுவரைக்கும் நான் நல்லவன்தான், கவனித்தீர்களா?

அதற்குள் அவள் திரும்பி வந்து அழத் தொடங்கியிருந்தாள். மாமனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பதறாதம்மா. மாப்ள பாத்துக்குவாரு" என்றார்.

ஒரே நிமிஷத்தில் கிளப்பிவிட்டால், ஏதோ ஒயர் கழன்றிருந்தது போல என்றுதான் நினைப்பார். வாராவாரம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவனுக்கு இன்று மட்டும் எப்படி உடனே முடிந்தது என்றும் யோசிக்கலாம். நான் முதல் பிளக்கைக் கழற்றினேன்.

"என்னங்க, இன்னும் எவ்ளோ நேரம்? அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது."

"அஞ்சே நிமிஷம்."

மொத்தம் நாலு பிளக். ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, ஜன்னலோரம் கொண்டுபோய் அவருக்குக் காட்டிவிட்டு மாட்டினேன். அவசரப்பட்டு மரையைக் கெடுத்துவிடக் கூடாதில்லையா? மூன்றாவதைப் பார்த்துத் தலையாட்டினார். நாலாவதைக் காட்டியபோது கண்ணை மூடியிருந்தார். பதினேழு நிமிஷம் ஆகியிருந்தது.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த நர்ஸ் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

எனக்கு மாமனாரை ரொம்பப் பிடிக்கும், ஐயா. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாவம், மாப்பிள்ளை கடைசிவரை போராடினார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் என் மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "அந்தப் பாழாப்போன வண்டிதான் அப்பாவைக் கொன்னுடுச்சு" என்கிறாள். பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. நாலு பிளக்கையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.