நெற்றியில் நீலக் கரடி

முத்திரை மை சோப்புக்குப் போகாது. சமையல் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தால்தான் போகும். இருபத்தோரு வருஷமாகச் சங்க மண்டபத்து வாசலில் உட்கார்ந்து வருகிறவர்கள் கையிலெல்லாம் கரடி முத்திரை குத்தியவள் சொல்கிறேன், நம்பலாம். கோரியின் நெற்றியில் இருந்த நீலக் கரடியும் நான் குத்தியதுதான். அதைத்தானே முதலில் கேட்க நினைத்தீர்கள், சார்ஜென்ட்? காப்பியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஆறுகிறது.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே மண்டபம். நிக்கல் சுரங்கத்துக்காரர்கள் சீட்டாடக் கட்டியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மெட்டல் பிள்ளைகள், அதுதான் காட்டுக் கத்தலாகப் பாடுகிற ராக் கூட்டம், கச்சேரிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். கறுப்புச் சட்டை, அதில் செத்த ஆட்டின் மண்டையோடு, இடுப்பு வரை முடி. பார்த்தால் ஊரைக் கொளுத்த வந்தவர்கள் மாதிரி இருக்கும். ஆனால் நான் வீட்டில் சுட்ட பட்டர் டார்ட் இனிப்புத் தட்டோடு வந்தால் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முத்திரை குத்த ஒரு நொடி போதும். நான் அரை நிமிஷம் எடுத்துக்கொள்வேன். யார் யாரோடு வந்தார்கள், போன மாதம் யாரோடு வந்தார்கள், இடையில் என்ன ஆயிற்று, எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் வந்துவிடும்.

அவர்கள் ஆட்டம் என்பது முட்டி மோதுவது. ஆனாலும் ஒருவன் விழுந்தால் நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திய பிறகுதான் அடுத்த மோதல். அதில் அவர்களுக்குச் சமரசமே கிடையாது. கோரி, முழுப் பெயர் கோரி பெல்ட்டியே, 'ஸ்லாக் ஹில்' இசைக்குழுவின் பாடகன், உயிரையே அந்த வழக்கத்தின் மேல் வைத்திருந்தான். போன மார்ச்சில் அவர்களுடைய டிரம்ஸ்காரன் ட்ரென்ட் கொஸ்கி பனிவண்டியோடு ஏரியில் மூழ்கினான். ஏரிமேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்துவிட்டது. அதிலிருந்து கடைசிப் பாட்டு ட்ரென்டுக்கு. பாட்டு மெதுவாகும் இடத்தில் கோரி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து, மேடையிலிருந்து அப்படியே பின்னால் சாய்வான். முன்னால் நிற்பவர்கள் ஏந்திக்கொள்வார்கள். கை மாற்றிக் கை மாற்றித் தலைக்கு மேலாக வாசல் வரை கொண்டுவருவார்கள். நான் அவன் நெற்றியில் முத்திரை குத்துவேன். அப்புறம் திரும்ப மேடைக்கு. எட்டு மாதமாக அந்தப் பாட்டு என் மேஜைக்கு வந்துதான் முடிந்தது. எண்ணிப் பாருங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் இந்த நாற்காலியில்தான் கோரி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, டிசம்பர்லேருந்து எல்லாம் போன்லயே டிக்கெட். புதுசா வந்திருக்கே ஒரு பொண்ணு, பிராண்டி, அவ வாசல்ல நின்னு பார்த்துக்குவா. நீங்க ஜாலியா உள்ள வந்து பாருங்க."

"எனக்கு அந்த இரைச்சல் எதுக்குடா? நான் வாசல்லயே இருக்கேன்."

அவன் தட்டையே பார்த்தான். "உள்ளதைச் சொல்லட்டுமா? நீங்க கேக்கிற கேள்விக்குப் பயந்து பாதிப் பேர் பின்வாசல் வழியா வர்றாங்க, அக்கா."

நான் இன்னொரு டார்ட் எடுத்து வைத்தேன். சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான். வாய்க்கு ருசி தெரிந்த பிள்ளை.

ஆக, போன சனிக்கிழமைதான் வாசலில் எனக்குக் கடைசி. மேடைக்கு முன்னால் நின்று ஏந்துகிறவர்கள் யார் யார் என்று எனக்கு அத்துப்படி. நாற்பத்தொரு பேர். வழக்கம்போல ஆளுக்கு அரை நிமிஷம்.

"கையைக் காட்டு ஷானா. ஆமா, ட்ரென்ட் மூழ்கினப்ப கோரியும் ஏரியில இருந்தானாமே? அவன் கத்தக் கத்த இவன் வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டானாம்."

"என்னக்கா உளர்றீங்க? அன்னிக்கு அவனுக்கு நைட் ஷிஃப்ட். அவனே சொன்னான்."

"சொன்னான்ல?"

அவள் முகம் மாறியது. "உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதே" என்று கரடியைக் குத்தி உள்ளே அனுப்பினேன். அடுத்தவன் வந்தான். அவனிடமும் அவனிடம் மட்டும்தான் சொன்னேன். பாவம், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்ன ரகசியம் இந்த ஊரில் ரகசியமாகவே இருந்தது அதுதான் முதல் தடவை.

கடைசிப் பாட்டு வந்தது. கோரி முதுகைக் காட்டினான். நான் முத்திரையை மையில் ஒற்றித் தயாராக வைத்திருந்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் சாய்ந்தான். நாற்பத்தொரு பேரும் கையை இறக்கினார்கள். தான் மட்டும் அவனைத் தொடுவதில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வைராக்கியம். மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்ற தைரியம். கீழே வெறும் சிமெண்டுத் தரை. அத்தனை இரைச்சலிலும் அந்தச் சத்தம் வாசலுக்குக் கேட்டது.

நான் தள்ளினேனா? மேடைக்கும் என் மேஜைக்கும் நாற்பது அடி. கையை இறக்கு என்று யாரிடமாவது சொன்னேனா? போய் விசாரியுங்கள்.

முத்திரையோடு எழுந்து நடந்தேன். வழிவிட்டார்கள், மரியாதை தெரிந்த பிள்ளைகள். குனிந்து நெற்றியில் குத்தினேன். இன்னும் வியர்வை காயவில்லை. பிராண்டிதான் கத்தினாள்.

"என்ன பண்றீங்க நீங்க? அவன் மூச்சு விடல!"

"பாட்டு முடியறதுக்குள்ள குத்தணும்மா. நீ புதுசு, உனக்குத் தெரியாது."

மூன்று நாளாக ஒவ்வொருவராக இங்கே வருகிறார்கள். தனித்தனியாக, யாரும் பார்க்காமல், என் பின்வாசல் வழியாக. "நான் பிடிச்சிருந்தா பிழைச்சிருப்பான், அக்கா" என்று நாற்பத்தொரு பேரில் முப்பது பேர் இதுவரை என் மேஜையில் தலையை வைத்து அழுதாயிற்று. பயந்தவர்களா இவர்கள்? கோரி இருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

என்ன கேட்டீர்கள்? வயதானவள், ஜன்னல் வழியாக எதையோ தப்பாகப் பார்த்து, அதை நம்பிச் சொல்லியிருப்பேன் என்கிறீர்களா? வக்கீலும் அதையே சொல்லச் சொல்கிறார், லேசாகப் போய்விடுமாம். எனக்கு அது வேண்டாம். இந்தத் தெருவில் நான் எதையும் தப்பாகப் பார்த்ததில்லை. ட்ரென்ட் மூழ்கிய அன்று சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குக் கோரி சாப்பாட்டுப் பெட்டியோடு சுரங்கத்துப் பேருந்தில் ஏறினான். மறுநாள் காலை ஏழு பத்துக்கு அதே பேருந்திலிருந்து இறங்கினான், நெற்றியில் ஹெல்மெட் பதிந்த கோட்டோடு. ட்ரென்ட் போய்விட்டான் என்று அவனுக்கு முதலில் சொன்னதே நான்தான். என் தோளில் சாய்ந்துதான் அழுதான், நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இது வேறு யாருக்கும் தெரியாது, சார்ஜென்ட். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள்.