அழுகினால்தான் விலை

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை, அய்யா. இந்த அறையை ஃபினாயில் போட்டுத் துடைத்திருக்கிறார்கள், ஆனால் துடைத்த துணி பழையது. அதன் வாடை மேசைக்கு அடியில் தங்கியிருக்கிறது. சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் நிதானமாகப் பேசுவேன். நன்றி.

நான் வந்தது ஒரு பிழையைத் திருத்த. அடிவாரத்துப் பெண்கள் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கத் தோண்டினார்கள், அதனால்தான் குப்பைமேடு சரிந்தது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். உங்கள் விசாரணையும் அந்தப் பக்கமாகவே போவதாகக் கேள்விப்பட்டேன். தொழில் தெரியாதவர்களின் பேச்சு அது. கைக்கொத்தால் சுரண்டி அவ்வளவு பெரிய மேட்டைச் சாய்க்க முடியாது. படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நகரத்துக் குப்பை முழுவதும் வந்து விழுகிற மேடு அது. உள்ளே காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வாயு வரும். அது வானத்துக்குப் போனால் பூமிக்குச் சூடு. அதனால் மேட்டில் துளை போட்டு, குழாய் இறக்கி, வாயுவை உறிஞ்சி, உயரமான இரும்புக் கூண்டுக்குள் எரித்துவிடுவோம். குழாயும் கூண்டும் என் பொறுப்பு. நான் பொறியாளர்.

எரிப்பதில் என்ன வருமானம் என்று கேட்பீர்கள். கடல் தாண்டி எங்கேயோ ஒரு சிமெண்ட் ஆலை அளவுக்கு மீறிப் புகை விடுகிறது. தன் புகையைத் தானே குறைத்தால் செலவு அதிகம். வேறெங்கோ ஒருவன் குறைத்ததை விலைக்கு வாங்கித் தன் பேரில் காட்டிக்கொள்வது மலிவு. நாங்கள் எரிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கிரெடிட், அதாவது விற்கக்கூடிய ஒரு சான்று. அதற்கென்று உலகச் சந்தை இருக்கிறது, தக்காளிச் சந்தை மாதிரியே ஏறும், இறங்கும். தரகர் இருக்கிறார். "நாய் வித்த காசு குரைக்காதும்பாங்க சார். உங்க சரக்கு அதுக்கும் மேல. நாத்தம் உங்களுக்கு, மணம் எங்களுக்கு" என்பார். அவரோடு கை குலுக்கினால் நான் உடனே கழுவிவிடுவேன். சென்ட் அதிகம் பூசுகிறவர்.

மேட்டின் அடியில் ஒரு வீட்டு வரிசை உண்டு. பொறுக்குபவர்களும் லாரிக்காரர்களும் குடியிருந்தார்கள். அதில் என் தங்கையும் இருந்தாள். குப்பை லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு போனவள். வீட்டில் எல்லாரும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள், நான் மட்டும் பேச்சை விடவில்லை. அடிக்கடி போவேன். வாசலோடு நின்று பேசிவிட்டு வருவேன், உள்ளே போனதில்லை. அவள் டீ கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அவள் திரும்பும் நேரம் பார்த்துச் சாக்கடையில் சாய்த்துவிடுவேன். தெரியாதென்று நினைத்திருந்தேன். ஒருநாள் டம்ளரை நீட்டிக்கொண்டே, "இந்தா அண்ணே, சாக்கடைக்கு டீ. சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், அதுக்குச் சுகர் வந்துடப் போகுது" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் சுபாவம் அது.

அவளும் அந்த வரிசைப் பெண்களும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். காய்கறிச் சந்தைக் கழிவை மேட்டில் கொட்டும் முன்பே மறித்து, குழியில் போட்டுக் கிளறி, உரமாக்கி விற்றார்கள். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் கிளறிக் காற்றுப்பட மக்குகிற கழிவு மீத்தேன் தராது. எரிக்க வாயு இல்லையென்றால் விற்க என்ன இருக்கிறது? ஈரக் கழிவெல்லாம் நேரே மேட்டுக்குத்தான் என்று லாரிகளுக்கு உத்தரவு வாங்கினேன். குழிகளை மூடினோம். பதிலுக்கு வீட்டுக்கொரு தையல் மெஷின் கொடுத்தோம்.

"நாறாமப் பண்ணினா உனக்குப் பிடிக்கல. நாறினாத்தான் உனக்குச் சோறு. இதுல மூக்கைப் பொத்திக்கிட்டு வேற வர்ற" என்றாள் தங்கை.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அழுக்கைக் குறைத்ததற்குத்தானே காசு? குறைக்க வேண்டுமென்றால் முதலில் அழுக்கு இருக்க வேண்டும். சந்தை விதித்த விதி அது, நான் விதித்ததில்லை.

பிறகு விலை விழுந்தது. தரகர் வந்து உட்கார்ந்தார். "வெறும் டன்னுக்கு இப்ப மவுசு இல்ல சார். வாங்குறவங்க முகம் கேக்குறாங்க. குப்பைமேட்டுப் பொம்பளைங்க தைக்கிற மாதிரி, குழந்தைங்க சிரிக்கிற மாதிரி. ஏழைங்களும் நல்லா இருக்காங்கன்னு காட்டினா ரேட்டே வேற." சுவர்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தோம். தங்கையை மெஷின் முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தோம். "சிரிக்கணுமா, அழணுமா? ரேட்டைச் சொல்லு, அதுக்குத் தக்க செய்றேன்" என்றாள். படம் நன்றாக வந்தது.

அந்தச் சமயம் பார்த்து நகராட்சி அந்தக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னது. மேட்டுக்கு அடியில் மனிதர் இருக்கக் கூடாதென்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. நான் போய்ப் பேசினேன். பிழைப்பை விட்டுவிட்டு நகர அந்த மக்களுக்கு விருப்பமில்லை என்றேன். யாரையும் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. கேட்டால் போகிறோம் என்பார்கள், போய்விட்டால் முகத்துக்கு எங்கே போவது?

கோடையில் மேடு உலர்ந்து வாயு குறைந்தது. குப்பையிலிருந்து ஒரு கறுப்புத் தண்ணீர் கசியும். சாறு என்போம். அதன் நாற்றத்தைப் பற்றி உங்களிடம் சொல்லப் போவதில்லை, நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. அந்தச் சாற்றைப் பம்ப் வைத்து மறுபடி உச்சியில் விட்டால் உள்ளே ஈரம் ஏறி, அழுகல் வேகம் பிடிக்கும். அளவோடு செய்தால் தவறில்லை. நானும் அளவோடுதான் ஆரம்பித்தேன். வாயுவை அளக்கும் மீட்டர் ஏறியது. ஏறுகிற மீட்டரைப் பார்த்தபிறகு அளவு என்பது நகர்ந்துகொண்டே போனது. ஈரம் ஏற ஏற மேடு கனக்கும், உள்ளுக்குள் வழுக்கும். இதைக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். திங்களன்று சுவர்களைக் கழுவச் சொல்ல அந்த வரிசைக்குப் போனேன். தங்கை என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் வீட்டுக்குள் போனேன். பின்சுவர் முழுவதும் கறுப்பாகக் கசிந்து, சுருட்டி வைத்த பாயின் ஓரத்தை நனைத்திருந்தது. அந்தப் பாயில்தான் படுக்கிறார்கள். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"பாத்தியா, சுவரு வேர்க்குது. கதவைச் சாத்தினா சாத்திக்க மாட்டேங்குது. உள்ளேருந்து வயித்தைப் புரட்டுற மாதிரி சத்தம் வேற."

"வாயு."

"மனுசனுக்குன்னா ஒரு மாத்திரை போடலாம். இதுக்கு என்னத்தைப் போடுறது?" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அண்ணே, நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போயிடட்டுமா?"

"வியாழக்கிழமை வெளிநாட்டுலேருந்து வர்றாங்க. வாய் திறந்து பேசத் தெரிஞ்சவ இங்க நீ ஒருத்திதான். நீ போனா மத்தவங்களும் மூட்டையைக் கட்டுவாங்க. வந்துட்டுப் போகட்டும், அப்புறம் போ."

"அதுவரைக்கும் நிக்குமா இது?"

"நிக்கும்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. அப்ப பொண்ணை மட்டும் அனுப்பிடுறேன்" என்றாள். கெட்டிக்காரி. பாதி நம்பினாள்.

செவ்வாயன்று உச்சிக்கு ஏறிப் பார்த்தேன். அந்த வரிசைக்கு நேர் மேலே, நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கம்பியை விட்டுப் பார்த்தேன், அடி தட்டவில்லை. பம்பை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் கீழே இருப்பவர்களை அப்புறப்படுத்துவார்கள், வருகிறவர்களுக்குக் காலி வீடுகளைக் காட்ட வேண்டியிருக்கும். வெடிப்பில் மண் போட்டு நிரவச் சொன்னேன். மேலே தார்ப்பாய் விரித்தார்கள். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

புதன் காலையில் சரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, ஈரத்துணி மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். நான் மீட்டர் அறையில் இருந்தேன். முதலில் மீட்டரைத்தான் பார்த்தேன், பழக்கம். குழாய்கள் அறுந்து முள் கீழே கிடந்தது. அதன்பிறகு சன்னல் வழியாகப் பார்த்தால் மஞ்சள் சுவர்களில் பாதியைக் காணவில்லை.

தங்கையின் புருசன் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார். "மச்சான், வாங்க மச்சான், கை வைங்க. அவ இங்கதான் தண்ணி புடிச்சிக்கிட்டிருந்தா." நான் கையுறை தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது, மற்றதைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. சாயங்காலம் அவளை எடுத்தார்கள். அவர் வந்து என் தோளில் முகம் புதைத்து அழுதார். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். சட்டையை எரித்துவிட்டேன். அழுதேனா என்று கேட்டால் தெரியாது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் தரகர் போன் செய்தார். ரொம்ப வருத்தப்பட்டார். "ஆனா சார், செவ்வாய் வரைக்கும் எரிச்சது எரிச்சதுதானே? அது செல்லும்ல?" செல்லும். எரிந்தது உண்மை, ஒரு டன்கூடப் பொய்யில்லை. எல்லாம் விற்றுப்போயிற்று. அந்தச் சிமெண்ட் ஆலை இப்போது அதை வைத்து நிம்மதியாகப் புகை விட்டுக்கொண்டிருக்கும். "அந்தத் தையல் மெஷின் படம் இருக்கே, அதை எடுத்துடவா சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

உங்கள் முகம் மாறுகிறது, அய்யா. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்த வரிசைக்குள் நடக்கும்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

மேடு விழும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வெள்ளிக்கிழமை வரை தாங்கும் என்று நினைத்தேன், அதுதான் நான் செய்த தவறு. ஈரத்தை ஏற்றியது நான், குடும்பங்களைப் போகவிடாமல் நிறுத்தியது நான், வெடிப்பை மூடியது நான். பெண்கள் யாரும் தோண்டவில்லை. இதையெல்லாம் என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பைப் பார்த்துவிட்டு இறங்கியபிறகு அந்த வரிசையில் வேறு எந்த வீட்டுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கைக்கு மட்டும் போன் போட்டேன். "பயப்படாதம்மா, அண்ணன் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், நீ வீட்டிலேயே இரு" என்றேன். கூடப்பிறந்தவள் அல்லவா, அவளுக்காவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?