கிளிப்புக்கு அடியில்

அந்த நாற்காலி வேணாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. கடிதாசி விஷயம்தானே, மறக்கல. உங்கப்பா ஆபீஸ் பென்சிலைத் திருடலைன்னு நான் என் கையெழுத்துல எழுதித் தரணும். அதைப் படிச்சுக் காட்டினா, படுக்கையில கெடக்கற மனுஷன் நிம்மதியாக் கண்ண மூடுவாரு. அவ்வளவுதானே? வேலை போயி இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னுமா அதையே பொலம்பிட்டிருக்காரு? எங்க வரைபடப் பிரிவுல இருந்தப்பவும் அப்படித்தான். ஒரு கோடு தப்பினா மூணு நாள் பேசுவாரு.

எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துரு. விஷயம் புரியாமக் கடிதாசி வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுவ? இந்தத் தட்டுல நாலு பென்சில் இருக்கு. தலையைத் திருகினா லெட் வெளிய வரும், பழைய காலத்து சாமான். ஒரே கம்பெனி, ஒரே வருஷம். மேல வெள்ளி முலாம், உள்ள பித்தளை. மூணு நம்ம ஆபீஸுக்கு வந்தது. ஒண்ணு கடையில வாங்கினது. எதுன்னு சொல்லு பாப்போம்.

தூக்கிப் பாத்தெல்லாம் தெரியாது, எல்லாம் ஒரே எடை. ஆபீஸ் நம்பரைக் கிளிப்புக்கு அடியில வெட்டியிருப்பாங்க. இந்தா, கிளிப்பெல்லாம் கழட்டியே வெச்சிருக்கேன். லென்ஸைக் கண்ணோட ஒட்டி வெச்சுக்கிட்டு, பென்சிலைக் கிட்ட கொண்டுவா. முழங்கையை மேஜையில ஊணிக்கோ.

முதல் ரெண்டுல நம்பர் இருக்கா? சரி. மூணாவதுல மஞ்சளாத் தெரியுதா? அதான் பித்தளை. அரத்தால நம்பரை ராவினா முலாமும் சேந்து போயிரும், ஒளிக்க முடியாது. யாரு ராவினதா? நான்தான். ராவினா எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்க வேணாமா.

நாலாவதைப் பாரு. நம்பரும் இல்ல, மஞ்சளும் இல்ல. முலாம் அப்படியே இருக்கு. அப்போ? ஆங். நம்பரே வெட்டாதது, கடையில வாங்கினது. பரவாயில்லையே, உங்கப்பா மூளை உனக்கும் இருக்கு.

விசாரணையில அவரும் இதையேதான் சொன்னாரு. கிளிப்பைக் கழட்டிப் பாருங்க, கழட்டிப் பாருங்கன்னு. எதிர்ல மூணு அதிகாரிங்க, பென்சிலுக்கும் பல்குச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவங்க. பென்சிலை என்கிட்ட நீட்டினாங்க. நானும் கழட்டி, நிதானமாப் பாத்துட்டு, நம்பரை ராவின தடம் இருக்குன்னேன்.

இல்லம்மா, கண்ணு அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி உங்கப்பாகிட்ட மூணு தடவ கேட்டேன், அதை எனக்குக் குடுத்துருங்கன்னு. என் சேகரிப்புல நம்பர் வெட்டாதது ஒண்ணுதான் குறை. சிரிச்சிக்கிட்டே மாட்டேன்னுட்டாரு. நீ பொறந்தப்போ வாங்கினதாம். நீ படிச்சு முடிச்சதும் உன் கையில குடுக்கணுமாம்.

அப்புறம் என்ன, ஆபீஸ் சொத்துன்னு முடிவாகி எங்க பிரிவுக்கே திரும்பி வந்துச்சு. பிரிவுக்குத் தலைவர் நான். ஓய்வாகி வர்றப்போ அதுவும் என்கூட வந்துருச்சு.

ஆமா, அதேதான். இப்போ உன் கையில இருக்கே, அந்த நாலாவது. அழுத்திப் பிடிக்காத, வேர்வை பட்டா முலாம் கறுத்துரும்.

கடிதாசியா? எழுதறதுக்கு எவ்வளவு நேரமாகும், வார்த்தையெல்லாம் மனசுலயே இருக்கு. ஆனா எழுதினா, பென்சிலையும் நீ கேப்பியே. அதை இப்படித் தட்டுல வெச்சிரும்மா.