அஷ்டமியிலும் கொதிக்கும் உலை

மாண்பும் மதியும் நிறைந்த சபைத் தலைவர் இராதாகிருஷ்ணன் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! எனக்கு முன்னால் இடியென முழங்கி அமர்ந்திருக்கும் துணிக்கடை வேலாயுதம் தம்பி அவர்களே! கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த பெரியோர்களே! இடுப்பிலே பிள்ளையையும் இதயத்திலே கவலையையும் சுமந்து வந்த தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சன்னலில் தொங்கும் செல்வங்களே! அனைவருக்கும் இந்த இராஜம்மாவின் பணிவான வணக்கம்.

முதலில் என் வீட்டுப் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மூத்த பேரன் கன்னையா கிள்ளான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். அவன் கட்டுப் போட்டால் புண்ணே வெட்கப்பட்டு ஆறிவிடும். பேத்தி சீதாலெட்சுமி ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. கடைக்குட்டி கார்த்திகேசு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே முதல். கன்னையாவோடு வேலை பார்ப்பவர் யாராவது வந்திருக்கிறீர்களா? அதோ, கையைத் தூக்குகிறீர்கள். தம்பி, அவனிடம் சொல்லுங்கள், வெள்ளைக் கோட்டோடு புதிதாக ஒரு போட்டோ பிடித்துத் தபாலில் போடச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது மீசை முளைக்காத காலத்துப் படம்.

தலைவர் மணியைத் தொடுகிறார். பொறுங்கள் ஐயா, காரணத்தோடுதான் சொன்னேன்.

பிரிக்பீல்ட்ஸ் திடலில் சர்க்கார் நடத்தும் கஞ்சித்தொட்டி தொடர வேண்டுமா, இல்லை, எங்கள் ஏழைகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி மூடச் சொல்வதா? துரைமார் கேட்டிருக்கிறார்கள். இன்று நாம் பதில் சொல்லியாக வேண்டும். "சர்க்காரிடம் கையேந்தினால் உழைத்த சாதி சோம்பேறிச் சாதி ஆகிவிடும்" என்றார் வேலாயுதம் தம்பி. நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு அத்தனை அழகு!

ஆனால் கேட்கிறேன். என் பேத்தி பாடம் சொல்லும் பள்ளிக்கூடம் எப்படி வந்தது? தோட்டத்துத் துரையின் கனவில் கலைமகள் வந்து கட்டச் சொன்னாளா? சர்க்கார் சட்டம் போட்டது, பள்ளிக்கூடம் வந்தது! சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிற்கிறானே என் பேரன், அவன் சோம்பேறி ஆனானா? படிப்புக்குச் சர்க்கார் வேண்டும், மருந்துக்குச் சர்க்கார் வேண்டும், பசிக்கு மட்டும் சர்க்கார் வேண்டாமா?

"நல்லா கேளு ஆத்தா!" என்கிறீர்களா? கேட்கத்தானே வந்திருக்கிறேன்.

நம் கோயில் கஞ்சியின் கதை உங்களுக்கே தெரியும். ரப்பர் விலை விழுந்தது, ரயில்வேயில் ஆள்குறைப்பு வந்தது, நாமும் உலை வைத்தோம். ஆளுக்கொரு நாள் உபயம். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டேன். முதல் மூட்டை அரிசி வேலாயுதம் தம்பி கடையிலிருந்துதான் வந்தது. ஆனால் உபயம் என்றதும் நாம் என்ன செய்தோம்? பஞ்சாங்கத்தைப் பிரித்தோம்! வெள்ளிக்கிழமை எனக்கு, பௌர்ணமி உனக்கு, கிருத்திகை என் மாமனுக்கு! வெள்ளிக்கிழமையன்று கஞ்சியோடு வடை, வடையோடு பாயசம், பாயசத்தோடு யார் பெயரை முதலில் கூவுவது என்று சண்டை. அஷ்டமிக்கு? நவமிக்கு? ஒருவரும் இல்லை. அடுப்பில் பூனை தூங்கியது.

அப்படி ஓர் அஷ்டமியில்தான் மாரியாயி வந்தாள். அவள் புருஷன் நாகையா, ரயில் எஞ்சினுக்குக் கரி போட்டவன், வேலை போய் வீட்டில் இருக்கிறான். அவளுக்கு ஏழாம் மாதம். தூக்குச் சட்டியோடு நின்றாள். கோயில் காவல்காரர் பக்கிரிசாமி சொன்னார், "இன்னிக்கு அஷ்டமிலா தங்கச்சி. நாளு சரியில்ல, நாளன்னிக்கு வா."

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அண்ணே, உள்ள இருக்கறதுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதே!"

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டித் திடலுக்குப் போனாள். அங்கே தொட்டியில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உப்புக் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் அஷ்டமியிலும் கொதித்தது! நவமியிலும் கொதித்தது! யார் பெயரையும் வாழ்க என்று கூவச் சொல்லாமல் கொதித்தது!

நாகையாவுக்குக் கோபம். போன பங்குனி உத்திரத்தில் உபயகாரராகப் பரிவட்டம் கட்டிய தலை அல்லவா? நான் போய்ப் பேசினேன். கடைசியில் அவனே சொன்னான், "கோயில்ல வாங்குனா இன்னொருத்தர் தர்மம் ஆத்தா. சர்க்கார் ரயிலுக்கு நான்தானே கரி போட்டேன்? அந்தக் கஞ்சியில என் வேர்வையும் இருக்கு." மறுநாள் சட்டியை அவனே தூக்கிக்கொண்டு போனான்.

அந்தத் தொட்டி மூடினால் என்ன ஆகும்? போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் நிற்கிறது, வேலை போனவர்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவைக்க. இந்த வயிற்றோடு கப்பல் தளத்தில் படுத்துப் போக வேண்டியவள், அதோ, மூன்றாவது தூணருகே உட்கார்ந்திருக்கிறாள். தலையைக் குனியாதே மாரியாயி! குனிய வேண்டியது நீ இல்லை.

என்ன, வேலாயுதம் தம்பி எழுந்துவிட்டார்? சொல்லுங்கள். சத்தமாக!

"அக்கா, வர்ற அஷ்டமி என் உபயம். எம் பேரச் சொல்ல வேணாம்!"

கேட்டீர்களா சபையோரே? தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! தம்பி, உங்கள் தாய் உங்களை வீணாகப் பெறவில்லை. ஆனாலும் என் கட்சியை நான் விட மாட்டேன். மாதத்துக்கு இரண்டு அஷ்டமி. உங்களுக்குக் காய்ச்சல் வரலாம், கடை நொடிக்கலாம், மனசு மாறலாம். மாரியாயி வயிற்றுப் பிள்ளை உங்கள் நலத்தை நம்பியா வளர வேண்டும்? நீங்கள் பாயசம் ஊற்றுங்கள், ஊரே வாழ்த்தும். கஞ்சியைச் சர்க்கார் ஊற்றட்டும். அது அவர்கள் கடமை, அவளுக்கு உரிமை!

தலைவர் அவர்களே, கை தூக்கச் சொல்லுங்கள். கஞ்சித்தொட்டி தொடர வேண்டும் என்பவர்கள்? அடேயப்பா, சன்னலில் தொங்குகிற பிள்ளைகளே, இரண்டு கையையும் விட்டுவிடாதீர்கள், விழுந்துவிடுவீர்கள்! வேலாயுதம் தம்பி, உங்கள் கை? பாதிதான் எழும்பியிருக்கிறது. பரவாயில்லை, மீதியை அடுத்த கூட்டத்தில் தூக்க வைக்கிறேன்.

மூன்றாவது தூணருகே ஒரு கை, வளையல் குலுங்க எழுந்திருக்கிறதே, அதற்கு மேல் எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேச்சை அமைதியாகக் கேட்ட அவைக்கு நன்றி. பசித்தவர் வீட்டிலும் புகை எழுக! வணக்கம்.