ஓட்டுநர் இருக்கையில் உப்பு மூட்டை

வெர்னன்: பேக்கர்ஸ்ஃபீல்ட் மாநகரப் பெருமக்களே! உயரம் குறைக்கப்பட்ட இவ்விளையாட்டு வாகனத்தின் சக்கரக் கோணங்கள், இன்று மாலைக்குள் இயற்கையின் நியதிப்படி மீண்டும் நிலைநாட்டப்படும் என்பதை...

கிளின்ட்: மச்சான், கராஜுல நீயும் நானும்தான் இருக்கோம். அந்த ஸ்பானரை எடு.

வெர்னன்: சரித்திரம் நடக்கறப்போ உனக்கு ஸ்பானர்தான் பெருசு.

கிளின்ட்: போன மாசமும் இதே சரித்திரம்தான் நடந்துச்சு. உன் பொண்டாட்டியை, அதான் என் அக்காவை, ஏத்திட்டுப் போனே... ரயில் கேட்டைத் தாண்டுறப்ப காரு துள்ளி, தானாத் திரும்பி பாதாம் தோப்புக்குள்ள போச்சு.

வெர்னன்: தோப்புக்குள்ள போகல. தோப்பு ஓரத்துல... நின்னுச்சு.

கிளின்ட்: அவ என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?

வெர்னன்: இன்னிக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை ஏறுவா. அதே தண்டவாளம். மறுபடி துள்ளுச்சுன்னா, கார் கண்ணாடியில 'விற்பனைக்கு'ன்னு எழுதிடணும். அதனாலதான் பூமியோட ஈர்ப்பு விசை முதற்கொண்டு கணக்குப் பாத்து...

கிளின்ட்: பூமியை விடு. நீ ஸ்பிரிங்கை மாத்தி காரை ரெண்டு இஞ்ச் இறக்குனே. சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கீழ்க்கை மேல் பக்கமாச் சாஞ்சிடுச்சு. கை ஒரு கோணம், ஸ்டியரிங் கம்பி ஒரு கோணம். சக்கரம் மேடுல ஏறுனா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. அவ்ளோதான்.

வெர்னன்: அதைத்தானே காலையிலேர்ந்து நான்...

கிளின்ட்: காலையிலேர்ந்து நீ சொன்னதை நான் ஒரே மூச்சுல சொல்லிட்டேன். கையையும் சக்கரத்தையும் சேர்க்கற அந்த நீளக் கழுத்து பால் ஜாயிண்ட் போட்டாச்சா?

வெர்னன்: ரெண்டு பக்கமும். கை பழைய சாய்வுக்கு வந்துடுச்சு. கம்பி நுனியில வாஷரும் வெச்சாச்சு. வண்டி நீளத்துக்கு நூல் கட்டி அளந்தாச்சு. பாரு, சக்கரம் ரெண்டும் நூலுக்கு நேர்!

கிளின்ட்: போன தடவையும் நூல்ல நேராத்தான் இருந்துச்சு.

வெர்னன்: கராஜுல நேர், ரோட்டுல கோணல். ஆகவே குற்றவாளி ரோடு போட்டவன்...

கிளின்ட்: இரு இரு. ஓட்டுற சீட்டுல என்ன இது?

வெர்னன்: உப்பு. வீட்டுல கடினத் தண்ணியை மென்மையாக்கற மெஷினுக்குப் போடற உப்பு மூட்டை. ஆள் உக்காந்தா காரு இறங்கும்ல? அதான் ஆள் எடைக்கு மூட்டை வெச்சு அளக்கறது.

கிளின்ட்: அது தெரியும். நானும் அப்படித்தான் அளக்கறேன். மூட்டை நாப்பது பவுண்டு. இதுல நாலுதான் இருக்கு?

வெர்னன்: நாலு நாப்பது நூத்தி அறுபது. நான்.

கிளின்ட்: நூத்தி அறுபதா? நீயா?

வெர்னன்: என்ன பாக்கறே?

கிளின்ட்: எந்த வருஷத்து நீ?

வெர்னன்: காலேஜுல பாத்தது... அதுக்கப்புறம் பெரிய மாற்றம் ஒண்ணும்...

கிளின்ட்: மூட்டையை இறக்கறேன். நீயே ஏறி உக்காரு.

வெர்னன்: அறிவியல் அதை ஏத்துக்காது. உயிருள்ள பொருள் மூச்சு விடும், அசையும்...

கிளின்ட்: உயிருள்ள பொருளே, ஏறு.

வெர்னன்: ...ஏறிட்டேன்.

கிளின்ட்: அசையாதே. ஐயோ... சக்கரம் ரெண்டும் வாத்துக் காலு மாதிரி வெளிய விரியுது.

வெர்னன்: தரை சாய்வா இருக்கும்.

கிளின்ட்: நீ ஏறுனா சாயுது, இறங்குனா நிமிருது. அதிசயத் தரை! இறங்கு, மூட்டையை வெக்கறேன். நாலு... அஞ்சு... இன்னும் பத்தல. ஆறு. ம், இப்பதான் நீ உக்காந்த அளவுக்கு வண்டி இறங்கியிருக்கு.

வெர்னன்: மூட்டையில குறைச்சு அடைச்சிருப்பான்.

கிளின்ட்: ஆறுலயுமா? சரி, பக்கத்து சீட்டுக்கு எத்தனை? அக்கா எடை என்ன?

வெர்னன்: கல்யாணமாகி இத்தனை வருஷம் நான் உயிரோட இருக்கறதே அதைக் கேக்காததாலதான்.

கிளின்ட்: நானும் கேக்கல. மூணு வெக்கறேன். நீ கம்பியைத் திருகு... இன்னும் கொஞ்சம்... வாஷர் ஒண்ணைக் கழட்டு... நிறுத்து! இதான் நேர்.

வெர்னன்: கிளின்ட்... இந்த ஆறு மூட்டை விஷயம்...

கிளின்ட்: நான் எதையும் பாக்கல.

வெர்னன்: அவ வர்றா! இறக்கு, இறக்கு, சீக்கிரம்!

பாலெட்: என்ன, ரெண்டு பேரும் உப்புக் கடத்துறீங்களா?

வெர்னன்: பாலெட், கோணத் திருத்தப் பணிகள் யாவும் இனிதே...

பாலெட்: மனுஷ பாஷையில சொல்லு. துள்ளுமா, துள்ளாதா?

வெர்னன்: துள்ளாது... ன்னு நினைக்கறேன்.

பாலெட்: அட! 'நினைக்கறேன்'னு உன் வாயில வந்து இன்னிக்குத்தான் கேக்கறேன். அதுக்காகவே ஏறுறேன். கிளின்ட், அடுப்புல பீன்ஸ் வேகுது. நாங்க திரும்பி வரலைன்னா அணைச்சுடு.

வெர்னன்: பெல்ட் போட்டியா?

பாலெட்: வீட்டு வாசல்லயே போட்டுட்டேன். அதோ தண்டவாளம்... மெதுவாப் போயேன்.

வெர்னன்: மெதுவாப் போனா அது சோதனையே இல்ல. அன்னிக்குப் போன அதே வேகம்.

பாலெட்: வெர்னன்...

வெர்னன்: கெட்டியாப் பிடிச்சுக்கோ...

பாலெட்: நான் கண்ணை மூடிக்கிட்டேன்...

வெர்னன்: ஏறுது... இறங்குது...

பாலெட்: தாண்டிட்டோமா?

வெர்னன்: கண்ணைத் திற. தாண்டிட்டோம்.

பாலெட்: நேராவா?

வெர்னன்: நேரா. நான் ஸ்டியரிங்கை ஒண்ணுமே பண்ணல.

பாலெட்: திருப்பு. இன்னொரு தடவை போலாம்.

வெர்னன்: ஏன், நம்பிக்கையில்லையா?

பாலெட்: நல்லா இருந்துச்சு. அதான்.

வெர்னன்: அப்போ... கண்ணாடியில எழுதணுமா?

பாலெட்: அழுக்குக் கண்ணாடி, தொடைச்சு வை. நாளைக்குக் கடல் பக்கம் போலாம், கூரையைத் திறந்துட்டு. ஆமா, அப்படி என்னதான் தப்பு இருந்துச்சு?

வெர்னன்: உண்மையைச் சொல்லிடறேன். என் எடையைக் குறைச்சு வெச்சு அளந்துட்டேனாம். உன் தம்பி இருநூத்தி நாப்பதுங்கறான். எப்படி முடியும்? காலேஜுல போட்ட அதே முப்பத்திரண்டு இஞ்ச் பேன்ட்தானே இன்னும் போடறேன்? லேபிள்லயே இருக்கு!

பாலெட்: அது நாப்பது. பழைய லேபிளை வெட்டி புது பேன்ட்ல தைக்கறது நான்தான்.